'பாரம்பரியம்'னு போட்ட ஒரு பாட்டு: பாலக்கோட்டு நடவுக்காரி ஒருத்தரோட பேரு எங்க விழுந்துச்சு, எப்படித் திரும்ப வந்துச்சு

2023 சித்திரை மாசம், ராத்திரி எட்டரை மணி இருக்கும், எனக்கு ஒரு போன் வந்துச்சு. பேசினது நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணு. "அண்ணா, எங்க ஆயா பாடினத நீங்க ரெக்கார்ட் பண்ணிட்டுப் போனீங்கல்ல, அந்தப் பாட்டு இப்ப எங்க ஊரு பண்டிகையில டிஜே செட்ல ஓடுதுண்ணா, வேற யாரோ பாடுறாங்க, ஆயா கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா அதுலருந்து சாப்பிடல"ன்னுச்சு.

அந்தப் போன்ல ஆரம்பிச்சத ஓரளவு சரி பண்ணவே எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதுறேன், என் தப்பையும் சேர்த்து எழுதுறேன், ஏன்னா இப்ப தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் கையில போன் வச்சிருக்கிற எத்தனையோ பசங்க ஆயாக்கள் பாடுறத ரெக்கார்ட் பண்றாங்க, அது நல்ல வேலை, ஆனா நான் பண்ணத அவங்களும் பண்ணிடக் கூடாது. யாரோட பேரையும் இதுல போடல. ஆயாகிட்ட கேட்டேன், "பாட்டுல போட்டீங்கல்ல அது போதும், இதுல எதுக்கு"ன்னாங்க. எழுதினத அவங்க பேத்தி அவங்களுக்குப் படிச்சுக் காட்டுச்சு, ரெண்டு எடத்துல திருத்தம் சொன்னாங்க, திருத்திட்டேன்.

என்னப் பத்தி கொஞ்சம். எங்கப்பா தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் மைக் செட் வச்சிருந்தவரு. கோடையில திரௌபதி அம்மன் கோவில்ல பாரதம் படிப்பாங்க, 18 நாள், பகல்ல பிரசங்கம் ராத்திரி கூத்து, அதுக்கெல்லாம் எங்க செட் தான். குழாய் ஸ்பீக்கர மரத்துல ஏறிக் கட்டினதுலருந்து எனக்கு சத்தத்தோட பழக்கம். 2019ல சூம்ங்கிற கம்பெனியோட ஆடியோ ரெக்கார்டர் ஒண்ணு வாங்கினேன், லீவு நாள்ல ஊரு ஊராப் போயி நடவுப்பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரின்னு பதிவு பண்ண ஆரம்பிச்சேன். யாரும் சொல்லிச் செய்யல, காசும் கெடையாது, ஆசை தான்.

ஆயா ஊரு பாலக்கோட்டுக்கும் பஞ்சப்பள்ளிக்கும் நடுவுல. சின்னாறு டேம்ல தண்ணி விட்டா நெல்லு, இல்லன்னா ராகி, தக்காளி பறிக்கிற வேலை, மாசி பங்குனியில புளி உடைக்கிற வேலை. நான் போனப்ப அவங்களுக்கு 68 வயசு. 12 பேரு நடவுக் கூட்டத்துல பாட்டு எடுத்துக் குடுக்கிறவங்க இவங்க தான். எடுத்துக் குடுக்கிறதுன்னா சும்மா மொதல்ல பாடுறது இல்ல. நான் வரப்புல உக்காந்து பாத்ததச் சொல்றேன். இடது கையில நாத்துக் கட்டு, வலது கை ரெண்டு மூணு நாத்தப் பிரிச்சு சேத்துல ஊனும். குனிஞ்சே இருக்கிறதால வயிறு மடங்கி மூச்சு பாதி தான் வரும், அடி சின்னச் சின்னதா இருக்கிறதுக்கு அது தான் காரணம். இவங்க ரெண்டு அடி சொல்வாங்க, மத்த பதினோரு பேரும் அத வாங்கிப் பாடுவாங்க, அவங்க வாங்கிப் பாடுற அந்த நேரத்துல இவங்க மூச்சு எடுத்துக்கிறாங்க, அதே நேரத்துல தான் அடுத்த ரெண்டு அடிய மனசுக்குள்ள கட்டுறாங்க. நாலாவது அடி முடிஞ்சா ஒரு எட்டு பின்னால வைக்கணும். கால சேத்துலருந்து பிடுங்க ஒரு நேரம் ஆகுது பாருங்க, அந்த நேரம் பாட்டுலயும் இருக்கு, ஒரு சின்ன நிறுத்தம். இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வரும்.

பாட்டுல ரெண்டு கண்ணி இங்க தர்றேன், ஆயா சம்மதத்தோட:

ஏழு நூறு அடி போட்டு
எடுத்து வந்த போருத்தண்ணி
பால் பல்லு விழுந்தெடத்துல
பழுப்புப் பல்லு மொளச்சதய்யா

பெங்களூரு சென்ட்ரிங் வேல
பேரு கேக்க யாரும் இல்ல
பல்லப் பாத்துக் கேக்குறாங்க
பாலக்கோட்டு ஆளான்னு

இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்ல, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். எங்க மாவட்டத்துல நிலத்தடிப் பாறையிலருந்து ஃப்ளோரைடு தண்ணியில கரையுது, ஆழமா போக போக பல எடத்துல அது கூடுது. குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தான் கடைசி எல்லை. அதுக்கு மேல உள்ள தண்ணிய எட்டு வயசுக்குள்ள பிள்ளைங்க தொடர்ந்து குடிச்சா, பால் பல்லு விழுந்து வர்ற நெலைச்ச பல்லுல பழுப்புக் கறை விழும், எந்தப் பல்பொடி போட்டாலும் போகாது. வயசானவங்களுக்கு முட்டி, முதுகெலும்பு புடிச்சுக்கும். இதுக்காகத் தான் ஜப்பான் கடன் உதவியில ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு, 2013ல தண்ணி வர ஆரம்பிச்சுச்சு. ஆயா பாட்டப் பாருங்க, பால் பல்லு பழுத்துச்சுன்னு சொல்லல, பால் பல்லு விழுந்த எடத்துல மொளச்சது பழுப்புன்னு சொல்றாங்க. ஒரு டாக்டர் சொல்ற அதே வெவரம், ரெண்டே அடியில. எனக்கு இத நெனைக்க நெனைக்க ஆச்சரியமா இருக்கு. பொதுவா 'கிராமத்துப் பாட்டு'ன்னா ஏரு, கதிரு, மச்சான், மல்லிப்பூன்னு ஒரு படம் நம்ம மனசுல வச்சிருக்கோம், இங்க ஒருத்தர் போர்வெல் ஆழத்தையும் சென்ட்ரிங் வேலையையும் வச்சு கட்டியிருக்காங்க.

இப்ப தப்பு எங்க நடந்துச்சுன்னு வர்றேன்.

நான் ஒரு எக்செல் ஷீட் வச்சிருந்தேன். அதுல நாலு கட்டம்: பாட்டு வகை, ஊர், தேதி, பாடினவர். இந்தப் பாட்டுக்கு நான் அடிச்சது என்னன்னா, நடவுப்பாட்டு, பாலக்கோடு வட்டம், ஆடி 2019, "பெண், வயது 68". அவ்வளவு தான். அவங்க வூட்டுல மோர் குடிச்சேன், களி சாப்பிட்டேன், பேரு தெரியும், ஆனா ஷீட்ல பேரு இல்ல. கட்டினது யாருன்னு ஒரு கட்டமே இல்ல. அந்தக் கேள்வியே எனக்குத் தோணல, ஏன்னா நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கெடையாதுன்னு பள்ளிக்கூடத்துலருந்தே படிச்சு வந்திருக்கேன், வாய்வழியா வந்தது, யாரு எழுதினதுன்னு தெரியாது, மக்களோட சொத்து, அப்படித் தானே நோட்ஸ்ல இருக்கும். தெரியாதுங்கிறதுக்கும் கேக்கலங்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு இந்த விஷயத்துல மாட்டின பொறவு தான் எனக்குப் புரிஞ்சுது.

ரெண்டாவது, எடிட். முழு ரெக்கார்டிங் 6 நிமிஷம் 40 செகண்ட். யூடியூப்ல யாரும் அவ்வளவு நேரம் கேக்க மாட்டாங்கன்னு 3 நிமிஷம் 10 செகண்டா வெட்டினேன். கடைசிக் கண்ணி பாடும்போது பக்கத்துல யாரோ பம்ப்செட் போட்டாங்க, மோட்டார் சத்தம் வந்துடுச்சு, அதனால அத மொத்தமா எடுத்துட்டேன். அந்தக் கண்ணி இது:

புளியமரம் மூணு தாண்டிப்
போனா எங்க வூடு தாங்க
நடவுக்காரி நாங்கட்டின
நாலு வரி நெனப்பு வைங்க

அதாவது அவங்க பாட்டுலயே கையெழுத்து போட்டிருந்தாங்க. 'நாங்கட்டின'ன்னு தெளிவா. கூத்துப் பாட்டு கட்டின வாத்தியாருங்க கடைசி அடியில தன் ஊரையும் பேரையும் வச்சு முடிப்பாங்கல்ல, அதே பழக்கம் இது. நான் அந்தக் கையெழுத்த வெட்டி எறிஞ்சுட்டு, கீழ "பாரம்பரிய நடவுப் பாட்டு, தருமபுரி மாவட்டம்"னு போட்டு அப்லோட் பண்ணேன்.

மூணாவது தான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. 2021ல பெங்களூருலருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணாரு. கிட்டார் வாசிச்சு சொந்தமா பாட்டு எழுதிப் பாடுறவரு, அப்பா அம்மா பென்னாகரம் பக்கம், அவரு பொறந்து வளந்தது பெங்களூருலயே. "அண்ணா இந்தப் பாட்டு என்னமோ பண்ணுது, நான் பாடலாமா, இது பாரம்பரியம் தானே, யாரும் சொந்தம் கொண்டாட மாட்டாங்கல்ல?"ன்னு கேட்டிருந்தாரு. நேர்மையான கேள்வி. நான் ஒரு கட்டைவிரல் எமோஜி அனுப்பினேன். அந்த மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு.

2022ல அவரு பாட்டு எல்லா ஆப்லயும் வந்துச்சு. வரிகள்: பாரம்பரியம். இசை: அவரு பேரு. அவரு பாடின விதத்துல வரியும் மாறியிருந்துச்சு. "பால் பல்லு விழுந்தெடத்துல" இருந்த எடத்துல "பாழும் மண்ணு வறண்டதய்யா"ன்னு வந்துடுச்சு. "பல்லப் பாத்துக் கேக்குறாங்க பாலக்கோட்டு ஆளான்னு"ங்கிறது "ஊரப் பாத்துக் கேக்குறாங்க உழவன் வூட்டு ஆளான்னு" ஆயிடுச்சு. கேக்க நல்லா தான் இருந்துச்சு, எனக்கே புடிச்சுது, ஷேர் பண்ணேன். ஆனா இப்ப பாக்கும்போது, பல்லப் பத்தின ஒரு பாட்டு வறட்சியப் பத்தின ஒரு பாட்டா மாறிடுச்சு. பாலக்கோட்டுல மட்டும் தான் பொறந்திருக்க முடியும்னு இருந்த பாட்டு, எந்த ஊருலயும் பொறந்திருக்கலாம்னு ஆயிடுச்சு. பாட்டுலருந்து ஊரு போயிடுச்சுன்னா அப்புறம் பேரத் தேடி யாரு எங்க போறது?

இந்த எடத்துல அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயத்தச் சொல்லணும், பொருத்தமா இருக்குங்கிறதால. மிசிசிப்பி ஜான் ஹர்ட்னு ஒரு விவசாயக் கூலிக்காரரு, கிட்டார் வாசிச்சுப் பாடுவாரு, 1928ல ஒரு கம்பெனி அவரு பாட்ட ரெக்கார்டு போட்டுச்சு, விக்கல, அவரு ஊருக்குத் திரும்பிட்டாரு. 1952ல ஹாரி ஸ்மித்ங்கிறவரு அந்த மாதிரிப் பழைய ரெக்கார்டுகளத் தொகுத்து வெளியிட்டாரு, அங்க நாட்டுப்புற இசை மறுபடி தழைச்சதுக்கு அந்தத் தொகுப்பு ஒரு பெரிய காரணம். பாட்டக் கேட்டவங்க ஆளு உயிரோட இல்லன்னே நெனச்சுட்டாங்க. 1963ல டாம் ஹாஸ்கின்ஸ்ங்கிற ஒரு ரசிகர், ஹர்ட் பாடின ஒரு பழைய பாட்டுல அவலான் தான் என் ஊருன்னு ஒரு அடி இருக்கிறதப் புடிச்சுக்கிட்டு, மேப்ல அந்தப் பேர்ல ஊரத் தேடி நேராப் போனாரு. ஹர்ட் அங்க தான் இருந்தாரு. அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில பாடினாரு. ஒரே ஒரு அடி, அதுல ஊரு பேரு, அது 35 வருஷம் கழிச்சு ஆளக் கண்டுபிடிச்சுக் குடுத்துச்சு. நான் வெட்டினது அந்த மாதிரி ஒரு அடி.

சரி, திரும்ப நம்ம ஊருக்கு வர்றேன். பேத்தி போன் பண்ண மறுநாள் காலையில மொத டவுன் பஸ்ல போயிட்டேன். ஆயா திண்ணையில புளி உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் பேச ஆரம்பிக்கும் முன்னயே கேட்டாங்க, "யாரு வூட்டுப் புள்ள கண்ணு அது, நல்லா தான் பாடுது. ஆனா பல்லுப் பாட்டுல பல்லையே காணோமே?" காசப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, "எங்க பசங்க அந்தப் பாட்டுக்கு ஆடுறானுங்க, அது இந்த ஊருப் பாட்டுன்னே அவனுங்களுக்குத் தெரியல"ன்னாங்க. நான் மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சாமி, சரி பண்ண முடியுமா பாரு"ன்னாங்க.

சரி பண்ணணும்னா மொதல்ல இது அவங்க கட்டினது தான்னு உறுதி பண்ணணும். அவங்க சொன்னா நான் நம்புவேன், ஆனா பாட்டு வெளியிடுற கம்பெனிக்கு அது பத்தாது, அந்தப் பெங்களூர்த் தம்பிக்கும் நியாயமா காட்டணும். மூணு வழியில பாத்தோம்.

ஒண்ணு, கூட நடவு நட்ட மூணு பொம்பளைங்கள தனித்தனியா கேட்டோம். மூணு பேருமே ஒரே காலத்தச் சொன்னாங்க. ஒருத்தங்க "மாவட்டம் பிரிஞ்ச வருஷம்"னாங்க, அதாவது கிருஷ்ணகிரி தனியாப் போன 2004. இன்னொருத்தங்க "ஊருக்குப் பொதுவுல பெரிய போரு போட்டாங்கல்ல, அதுக்கு அடுத்த நடவு"ன்னாங்க. மூணாவது ஆளு, "இவ பெரிய பையனுக்குப் பொண்ணு பாக்கப் போயி, பல்லப் பாத்துட்டு வேணாம்னாங்களே, அந்த வாரம் தான் மொத மொத பாடினா, நாங்க யாரும் வாங்கிப் பாட முடியாம நின்னோம்"னு சொன்னாங்க. நடவு நடுவுல பாட்டு நின்னு போன நாள யாரும் மறக்க மாட்டாங்க போல.

ரெண்டு, மெட்டு. அதே மெட்டுல அவங்க வேற மூணு பாட்டு பாடிக் காட்டினாங்க, எல்லாம் அவங்க மாமியார் காலத்துப் பாட்டு. ஆக மெட்டு பொதுச் சொத்து, வரி ஆயாவோடது. இதுல ஒரு சங்கடமும் இல்ல, உலகம் பூரா அப்படித் தான். அமெரிக்காவுல வுடி கத்ரின்னு ஒருத்தர், 1930கள்ல ஓக்லஹோமா பக்கம் புழுதிப் புயல்ல ஊர விட்டுப் போனவங்களப் பத்திப் பாட்டு கட்டினவரு. அவரோட பேர் பெத்த பாட்டுகள் பலதுக்கு மெட்டு பழைய சர்ச் பாட்டுலருந்தும் கார்ட்டர் குடும்பத்துக்காரங்க பாடின பாட்டுலருந்தும் எடுத்தது. அவர யாரும் 'பாரம்பரியம்'னு சொல்லல, பாட்டாசிரியர்னு சொன்னாங்க, அவரப் பாத்து எழுத ஆரம்பிச்ச பாப் டிலன்ங்கிற பாடகருக்கு 2016ல நோபல் பரிசே குடுத்தாங்க. பழைய மெட்டுல புது வரி போடுறது அங்க ஒருத்தரப் பாட்டாசிரியர் ஆக்குது, இங்க பாலக்கோட்டுல அதே வேலையச் செஞ்ச ஒரு நடவுக்காரிய 'பெண், வயது 68' ஆக்குது. இந்த எண்ணத்த மனசுல ஏத்தி வச்சிருந்தது நான் தான், வேற யாரும் இல்ல.

மூணு, அந்த முழு ரெக்கார்டிங். நல்ல வேளை ஹார்ட் டிஸ்க்ல வெட்டாத ஃபைல் இருந்துச்சு, தேதியோட. பம்ப்செட் சத்தத்துக்கு நடுவுல "நாங்கட்டின"ன்னு அவங்க குரல் தெளிவா கேக்குது. பதிவு பண்றவங்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றது, வெட்டாத ஃபைல தூக்கிப் போடாதீங்க.

தருமபுரி கோர்ட்டுல எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டோம். அவரு சொன்னத என் வார்த்தையில சொல்றேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒருத்தர் கட்டின வரிக்கு உரிமை கட்டின உடனே வந்துடும், பதிவு பண்ணாத் தான் உரிமைன்னு இல்ல. பதிவு பண்ணா ஆதாரத்துக்கு நல்லது, வரிகளுக்கு 500 ரூபா ஃபீஸ். உரிமை அவங்க உயிரோட இருக்கிற வரைக்கும், அதுக்கப்புறம் 60 வருஷமும் உண்டு. 57ஆவது பிரிவுப்படி, உரிமைய வித்துட்டாக் கூட இது நான் கட்டினதுன்னு பேரு கேக்கிற உரிமை கட்டினவங்களுக்கு இருக்கு. அது போக, பாடினவங்களுக்குன்னு தனி உரிமை 50 வருஷம் இருக்கு, அவங்க குரல சம்மதம் இல்லாம வெளியிட முடியாது. இந்தக் கடைசி விஷயம் என்னையே குத்துச்சு, ஏன்னா நான் அப்லோட் பண்ணும்போது ஆயாகிட்ட "போன்ல போடுறேன் ஆயா"ன்னு சொன்னேனே தவிர, உலகம் பூரா கேக்கும்னு அவங்களுக்குப் புரியற மாதிரிச் சொல்லல.

பெங்களூர்த் தம்பிக்கு எல்லாத்தையும் அனுப்பினேன், என் எமோஜியையும் ஞாபகப்படுத்தினேன். சண்டை வரும்னு பயந்தேன், வரல. அடுத்த ஞாயித்துக்கிழமை பைக்லயே கெளம்பி வந்துட்டாரு. ஆயா அவருக்கு களியும் கீரைக் கொழம்பும் போட்டாங்க. சாப்பிட்டு முடிச்ச பொறவு ஆயா கேட்டாங்க, "காசு கெடக்குது கண்ணு, அந்தப் பல்லு அடிய ஏன் எடுத்துட்ட?" அவரு மொதல்ல "பெங்களூருல கேக்கிறவங்களுக்குப் புரியாது ஆயா"ன்னாரு. ஆயா ஒண்ணும் சொல்லல, பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அவரு, எங்கப்பாவுக்கும் அந்தப் பல்லு தான், ஸ்கூல்ல என்னக் கூட்டிட்டுப் போக வந்தப்ப பசங்க கிண்டல் பண்ணுவாங்க, அதனால அந்த அடி என் வாயில வரலன்னு சொன்னாரு. அவங்கப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போனவரு தான். அதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் யாரும் பேசல. ஆயா புளிக்கொட்டைய ஒதுக்கி வச்சுட்டு, "அப்ப உனக்குத் தான் நான் கட்டியிருக்கேன், பாடு"ன்னாங்க.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் சொல்லிக் குடுத்தாங்க. அவரு கிட்டார்ல நாலு நாலா எண்ணி வாசிச்சாரு, ஆயா ஒவ்வொரு கண்ணி முடிவுலயும் கை காட்டி நிறுத்தினாங்க. "கால எடுக்க விடு, கால எடுக்க விடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவருக்குப் புரியல. கடைசியில ஆயா எந்திரிச்சு, 72 வயசுல, வாசல்ல குனிஞ்சு நாத்து ஊனற மாதிரியே பாடிக் காட்டி, நாலாவது அடிக்கு அப்புறம் ஒரு எட்டு பின்னால வச்சாங்க. சேத்துலருந்து கால் வர்ற அந்த நேரம். அவரு முன்ன பாடினதுல அந்த எடத்த கிட்டார் போட்டு நெரப்பி இருந்தாரு. இப்ப அத விட்டுட்டு வாசிச்சாரு. ரெண்டாவது ரெக்கார்டிங்ல அந்த நிறுத்தம் இருக்கு, கேட்டுப் பாருங்க, கிட்டார் நிக்கும்.

எழுத்துல என்ன முடிவு பண்ணோம்னா: பாட்டு கட்டினவர்னு ஆயா பேரு. மெட்டு, பாலக்கோடு வட்டார நடவு மெட்டு. இசைக் கோர்ப்பு, தம்பி பேரு. இனிமே வர்ற வருமானம் பாதிப் பாதி. அதுவரைக்கும் வந்த கணக்க அவரு போன்லயே காட்டினாரு, மொத்தம் 11,340 ரூபா. பாதி 5,670 அங்கயே குடுத்துட்டாரு. ஆயா அதுல சாட்சி சொல்ல வந்த மூணு பேருக்கும் ஆளுக்கு 500 குடுத்தாங்க, "இவளுங்க வாங்கிப் பாடலன்னா நான் யாருக்குக் கட்டுறது"ன்னு. பத்திரத்த பேத்தி படிச்சுக் காட்டுச்சு, ஆயா கையெழுத்து போட்டாங்க, முதியோர் கல்வியில கத்துக்கிட்ட கையெழுத்து.

சொல்ல வேண்டியது இன்னொண்ணு இருக்கு. இப்படிப் பேரு விழறது நம்ம ஊருல மட்டும் இல்ல. எலிசபெத் காட்டன்னு ஒரு கறுப்பினப் பாட்டி, வட கரோலினாவுல பொறந்தவங்க, சின்ன வயசுலயே சரக்கு ரயிலப் பத்தி ஒரு பாட்டு கட்டினாங்க. பின்னால அவங்க வூட்டு வேலை செஞ்சது சீகர் குடும்பத்துல, நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச குடும்பம் அது. அங்க இருந்து அந்தப் பாட்டு இங்கிலாந்துக்குப் போயி, 1950கள்ல வேற ரெண்டு பேரு தங்களோட பேருல பதிவு பண்ணிட்டாங்க, 1957ல அது அங்க ஹிட்டு. பாட்டு அவங்களோடதுன்னு நிறுவ வேண்டியதா போச்சு, சீகர் குடும்பமே கூட நின்னுச்சு. 1958ல தான் அவங்க சொந்தக் குரல்ல மொத ஆல்பம், 1985ல கிராமி விருது, அப்ப அவங்க தொண்ணூறத் தாண்டிட்டாங்க. ஆயாகிட்ட இந்தக் கதையச் சொன்னேன். "அந்தம்மா இடது கைக்காரியா?"ன்னு போட்டோவப் பாத்துக் கேட்டாங்க. ஆமா, கிட்டாரத் தலைகீழாப் புடிச்சு வாசிச்சவங்க. ஆயா அந்த போட்டோவ ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பாத்தாங்க.

நம்ம பக்கத்துல சேகரிப்பு வேலை ரொம்பப் பழசு. 1871லயே கோவர்ங்கிற வெள்ளைக்காரரு தென்னிந்திய நாட்டுப்பாட்டுன்னு புத்தகம் போட்டாரு, 1958ல கி.வா.ஜகந்நாதன் பதிப்பிச்ச 'மலையருவி', 1964ல நா.வானமாமலையோட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்'. வானமாமலை புத்தகத்துல பாட்டுக்குக் கீழ சேகரித்தவர் பேரு, இடம் போட்டிருக்கும், அவரு அளவுக்கு உழைச்சவங்க கம்மி, அவரு இல்லன்னா அந்தப் பாட்டுல பாதி இன்னைக்கு இல்ல. அப்புறம் கே.ஏ.குணசேகரன், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமின்னு மேடைக்கும் கேசட்டுக்கும் கொண்டு வந்தாங்க. 2018ல விஜயலட்சுமி அம்மாவுக்கு பத்மஸ்ரீ கெடச்சப்ப எங்கப்பா தெருவுக்கே மிட்டாய் குடுத்தாரு. இத்தனை பேரு தூக்கிட்டு வந்த வேலையில, எங்கள மாதிரி அடுத்த ஆளுங்க சேர்க்க வேண்டிய ஒரு கட்டம் 'கட்டினவர்'.

இதுக்கு எதிரா ஒரு நல்ல வாதம் இருக்கு, நண்பர் ஒருத்தர் சொன்னாரு. எல்லாப் பாட்டுக்கும் சொந்தக்காரங்க வந்துட்டா பாட்டு நகராது, நாட்டுப்பாட்டோட உயிரே மாத்திப் பாடுறதுல தானே இருக்குன்னு. சரியான கேள்வி. ஆயாகிட்டயே கேட்டேன். "பக்கத்து ஊருக்காரி மாத்திப் பாடுறா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ மாத்தினத எங்கிட்ட வந்து பாடிக் காட்டுவா, நல்லா இருந்தா நானும் அப்படியே பாடுவேன், நல்லா இல்லன்னா ஏன்டி இப்படி கெடுத்தன்னு கேப்பேன்"னாங்க. வயக்காட்டுல மாத்திப் பாடுறவளுக்கும் கட்டினவளுக்கும் நடுவுல ஒரு வரப்பு தான் தூரம். யூடியூப்ல அந்த வரப்பு இல்ல, பேரு போடறது தான் வரப்பு.

எல்லாம் சரியாயிடல. கம்பெனிக்காரங்க பேர மாத்த மூணு மாசம் இழுத்தாங்க. பழைய பதிப்ப வச்சு யார் யாரோ போட்ட ரீல்ஸ் இன்னும் 'பாரம்பரியம்'னே ஓடுது, அதையெல்லாம் தொரத்திப் புடிக்க முடியல. என் சேனல்ல 6 நிமிஷம் 40 செகண்டும் அப்படியே போட்டுட்டேன், பம்ப்செட் சத்தத்தோட. ஷீட்ல ரெண்டு கட்டம் சேத்தேன், கட்டினவர் ஒண்ணு, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க ஒண்ணு. ஆயா பாடின 14 பாட்டையும் திரும்ப உக்காந்து கேட்டேன். அஞ்சு அவங்க கட்டினது, ரெண்டு அவங்க அம்மா, ஒண்ணு இண்டூருல வாக்கப்பட்டுப் போன ஒரு கூட்டாளி. மீதி ஆறும் மாமியார் பாடினது, அவங்களுக்கு முன்ன யாருன்னு தெரியாது. அந்த ஆறுக்கு தைரியமா 'பாரம்பரியம்'னு போட்டேன், இப்ப அது கேட்டுட்டுப் போடுற வார்த்தை.

போன தை மாசம் பொங்கலுக்குப் போனப்ப ஷீட்ட பேத்தி லேப்டாப்ல தெறந்து வரிசையா படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பல்லுப் பாட்டுக்கு வந்ததும் ஆயா, "நில்லு, அதுல ஒண்ணு தப்பு"ன்னாங்க. எனக்கு பகீர்னுச்சு. "பெங்களூரு கண்ணியில ரெண்டாவது அடி நான் போட்டது இல்ல. நான் 'கூலி கூட ஒழுங்கா இல்ல'ன்னு தான் பாடினேன். மேட்டு வூட்டு அத்தை தான் வாங்கிப் பாடுறப்ப 'பேரு கேக்க யாரும் இல்ல'ன்னு மாத்தினா. என்னதவிட அது நல்லா இருந்துச்சு, அதையே வச்சுக்கிட்டேன். அவ செத்து எட்டு வருஷம் ஆச்சு. அவ பேரையும் எழுது கண்ணு."

எழுதிட்டேன். அத்தையோட மகன் ஓசூர்ல இருக்காரு, அவர்கிட்ட போன்ல பேசிச் சம்மதம் வாங்கியாச்சு, அவரு பங்கு எவ்வளவுன்னு தம்பியும் ஆயாவும் பேசி முடிவு பண்ணிட்டாங்க. கட்டினவர்ங்கிற எடத்துல ரெண்டு பேரு வரணும்னு கம்பெனிக்குப் போன வாரம் திரும்ப மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.